வண்ணாரப்பேட்டையும் காப்புரிமையும்

1856ஆம் ஆண்டு வட சென்னைக்கு ஒரு தனிப் பெருமையைத் தந்தது. அவ்வாண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று, தென்னிந்தியாவின் முதற் பயணிகள் புகைவண்டி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. அதே ஆண்டில் கல்கத்தாவில் நிகழ்ந்த வேறொன்றை நம்மில் பலர் அறியோம். இந்தியாவின் முதற் காப்புரிமைச் சட்டம் பிறந்ததும் அவ்வாண்டில்தான். மார்ச்சு 3ஆம் நாள், ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங் என்னும் பொறியாளர், பங்கா இழுக்கும் பொறி ஒன்றைப் புனைந்திருப்பதாகக் கூறி முதல் விண்ணப்பத்தை அளித்தார்.

காப்புரிமை என்பது யாது? பேட்டண்ட் என்று வழங்கும் இவ்வுரிமையை, அரசும் புதுப்புனைவாளனும் செய்துகொள்ளும் ஓர் உடன்படிக்கை எனலாம். ‘நீ கண்டுபிடித்ததை மறைக்காமல் எழுதிக் கொடு, குறிப்பிட்ட காலம்வரை அதனால் வரும் ஊதியம் உனக்கே உரியது, பின்னர் அது ஊர்ப் பொதுவாகிவிடும்’ என்பதே அதன் சாரம். இன்று நம் நாட்டில் அக்காலம் 20 ஆண்டுகள். இத்தகைய ஏற்பாடு இல்லாவிடினும், அதனை நாடாவிடினும், கண்டவன் தன் கலையைப் பெட்டிக்குள் பூட்டிவிடுவான். துணிக்கு இடும் நீலத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1828இல், செயற்கை முறையில் நீலப்பொடி செய்ததற்காகப் பிரான்சு நாட்டுக் கிமே என்பார் பரிசு பெற்றார். ஆயினும் செய்முறையை அவர் இரகசியமாகவே வைத்துக்கொண்டார். அதே ஆண்டில் ஜெர்மனியப் பேராசிரியர் குமெலின், தாம் தனியே கண்ட முறையை வெளியிட்டபின்னரே அக்கலை உலகறியலாயிற்று.

எனினும், விண்ணப்பித்தவர்க்கெல்லாம் காப்புரிமை கிடைத்துவிடாது. பரிசீலகர் முதற்கண் இரண்டு கேள்விகளைக் கேட்பார். இது புதியதா என்பது ஒன்று. புதியதேயானாலும், அத்தொழிலில் தேர்ந்த ஒருவருக்கு எளிதிற் புலப்படக்கூடியதா என்பது மற்றொன்று. கொல்லர் தெருவில் ஊசி விற்பதைப் பற்றி நம் முன்னோர் சொல்லி வைத்திருக்கிறார்களல்லவா? இரண்டாம் கேள்வி அதனைத்தான் சட்ட மொழியில் கேட்கிறது. உன் கண்டுபிடிப்பைக் கண்டு ஊரார் வியக்கலாம். கொல்லர் வியப்பாரா என்பதே வினா.

ஆகவே ‘தொழிலில் தேர்ந்தவர் யார்?’ என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். துணி வெளுக்கும் கலையை எடுத்துக்கொண்டால், அவரைத் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இராயபுரத்தை அடுத்த வண்ணாரப்பேட்டையே அவர்தம் ஊர். கிழக்கிந்தியக் கம்பெனியார் கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்த தொழிலாளரின் பெயரால் அமைந்த பேட்டை அது. வடக்கே திருவொற்றியூரில், 1717 முதல் 1720 வரை ஆளுநராயிருந்த காலட் துரையின் பெயரால் நெசவாளர் குடியிருப்பு எழுந்தது. இன்று நாம் காலடிப்பேட்டை என்று வழங்குவது அதுவே. கோராத் துணி தறியிலிருந்து வரும்போது பழுப்பாகவும் பசையோடும் இருக்கும். அதனை வெண்மையாக்கித் தருபவர் கைத்திறம் இன்றி அக்காலத்து வாணிகம் நடந்திராது.

அவர்கள் செய்ததை இன்றைய இரசாயனத்தின் துணைகொண்டு பார்ப்போம். உவர்மண்ணில் காரம் இருக்கிறது. அது எண்ணெய்ப் பசையைக் கரைக்கும். வெள்ளாவியின் வெப்பம் அக்காரத்தை நூலின் உள்ளே செலுத்தும். ஈரத் துணியின்மேல் படும் வெயில் நிறத்தை வெளுக்கும். இறுதியாக அலசும் நீரில் சிறிது நீலம் கலந்தால், எஞ்சிய மஞ்சள் சாயல் கண்ணுக்குத் தெரியாது மறையும். எங்கள் வீட்டிலும் கடைசி வாளித் தண்ணீருக்கே நீலம் உரியதாயிருந்தது. எத்தனை துளி என்பதை என் தாயார் அளந்து பார்த்து நான் கண்டதில்லை. கைக்குத் தெரிந்த அந்த அளவு எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

ஏட்டில் ஏறாத அறிவுக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டா? இங்கிலாந்தில் 1802இல் நடந்த ஒரு வழக்கு இதற்கு விடை கூறிற்று. சார்லசு டென்னன்டு என்பவர் குளோரினையும் சுண்ணாம்பு நீரையும் கொண்டு வெளுப்பு நீர் செய்யும் முறைக்கு 1798இல் காப்புரிமை பெற்றிருந்தார். அதனைப் பிறர் மீறிவிட்டனர் என்று அவர் வழக்குத் தொடுத்தார். நாட்டிங்காம் நகருக்கு அருகில் வெளுப்புத் தொழில் நடத்திய ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறி, அக்காப்புரிமைக்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்பிருந்தே தாம் அம்முறையைக் கையாண்டதாகக் கூறினார். அவரையன்றி அதனை அறிந்தவர்கள் கூட்டாளிகள் இருவரும் வேலையாட்கள் இருவருமே. சுண்ணாம்பு நீரை ஓயாது கலக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்ற யோசனையைத் தாமே டென்னன்டுக்குச் சொன்னதாக இரசாயனர் ஒருவரும் சாட்சியம் அளித்தார். நீதிபதி எல்லன்பரோ பிரபு டென்னன்டின் வழக்கைத் தள்ளிவிட்டார். ஐவர் கையில் இருந்த எழுதாத பழக்கம், அரச முத்திரை பெற்ற ஏட்டை வென்றது.

அவ்வழக்கு முதற் கேள்வியாகிய புதுமையைப் பற்றியது. இரண்டாம் கேள்வியோ இன்னும் நுட்பமானது. கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். குடம் குடமாகத் தண்ணீர் சேர்த்து வைக்கும் வட சென்னை வீடுகளுக்கு உதவுமாறு, அலசும்போது நுரையை விரைவில் அடக்கும் கலவை ஒன்றை ஒருவர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் புளிப்புப் பொருள் ஒன்றும் சிலிக்கோன் ஒன்றும் உள்ளன. காரத்தைப் புளிப்பு முறிக்கும் என்பதும், சிலிக்கோன் நுரையை அடக்கும் என்பதும் முன்னரே தெரிந்தவை. இவ்விரண்டையும் எவரும் சேர்த்ததில்லை என்பதனாலேயே அது புதுப்புனைவு ஆகிவிடுமா?

பரிசீலகர் செய்கணக்கைக் கேட்பார். தனித்தனியே ஒவ்வொன்றும் ஒரு வாளி நீரை மிச்சப்படுத்தி, சேர்ந்தபோது இரண்டு வாளி மிச்சமானால், அது வெறும் கூட்டல். 1970ஆம் ஆண்டுச் சட்டம், குணங்களைக் கூட்டி வைத்ததற்கு மேல் ஒன்றும் தராத கலவைக்கு உரிமை இல்லை என்று வெளிப்படையாகவே கூறுகிறது. சேர்ந்தபோது நான்கு வாளி மிச்சமாயிற்று என்று சோதனையால் காட்டினாலோ, தேர்ந்த தொழிலாளியும் எதிர்பாராத ஒன்று அங்கே நிகழ்ந்திருக்கலாம். அப்போதும் பரிசீலகர் தம்மையே எச்சரித்துக்கொள்ள வேண்டும். விடை தெரிந்த விடுகதை எவருக்கும் எளிது. விண்ணப்பத்தைப் படித்து முடித்தபின், ‘இது எனக்கே தோன்றியிருக்குமே!’ என்று எண்ணுவது நீதியாகாது. படிப்பதற்கு முன் தோன்றியிருக்குமா என்பதே பார்க்கத் தக்கது.

நம் உச்ச நீதிமன்றம் 1978இல் இப்பொருள் பற்றித் தெளிவான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. கடைசல் இயந்திரத்தில் பாத்திரங்களைப் பிடித்து நிறுத்தும் முறைக்கு 1951இல் பெற்ற காப்புரிமை பற்றியது அவ்வழக்கு. பட்டறையில் இயல்பாகச் செய்யும் சீர்திருத்தம் போதாது, அதனினும் மேம்பட்ட புனைவுத் திறன் வேண்டும் என்று கூறி, நீதிமன்றம் அவ்வுரிமையைச் செல்லாததாக்கியது. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் தொழிற்சாலைகளில் பணிபுரியும் தேர்ந்த பிட்டர் ஒருவர் அன்றாட வேலையின் போக்கில் செய்யக்கூடியதை, வேறொருவர் தமக்கே உரியது என்று வேலி கட்டிக்கொள்ள இயலாது. உழைப்பாளியின் கைக்கு இத்தீர்ப்பு ஒரு காவல்.

இக்காவல் எல்லா நாட்டிலும் இவ்வாறு இருந்ததில்லை. அமெரிக்கச் சட்டம் 2013 மார்ச்சு வரை, தன் நாட்டுக்குள் வழங்கிய பழக்கத்தை மட்டுமே கணக்கில் கொண்டது. அயல்நாட்டுச் செய்தியானால் அது காப்புரிமையாகவோ அச்சு நூலாகவோ இருத்தல் வேண்டும். அஃதாவது, நாட்டிங்காமில் ஐவர் அறிந்தது அங்கே சான்றாயிற்று. வண்ணாரப்பேட்டை முழுவதும் அறிந்திருப்பினும் அமெரிக்காவில் அது சான்றாகாது! புண்ணுக்கு மஞ்சள் இடும் வழக்கத்துக்கு 1995இல் அங்கே காப்புரிமை வழங்கப்பட்டது. நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் அதனை எதிர்த்து, பழைய வடமொழி நூலையும் 1953ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ இதழ்க் கட்டுரையையும் பிற ஏடுகளையும் காட்டியபின், 1997இல் அது நீக்கப்பட்டது. நம் பாட்டிமார் கோடிப்பேர் சாட்சி சொல்லியிருந்தாலும் பயனில்லை, ஏடுகளே காப்பாற்றின.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வழி காட்டியவருள் ஒருவர், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாயிருந்த இராசகோபால அய்யங்கார். அவர் 1959இல் அளித்த அறிக்கையை ஒட்டி எழுந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம், 1972 ஏப்ரல் 20இல் நடைமுறைக்கு வந்தது. 2002ஆம் ஆண்டின் திருத்தம், உள்ளூர்ச் சமூகத்தாரிடம் வாய்மொழியாகவோ வேறு வகையாகவோ வழங்கும் அறிவையும் எதிர்ப்புக்குரிய காரணமாகச் சேர்த்தது. விண்ணப்பம் வெளியிடப்பட்டபின், உரிமை வழங்கப்படுமுன், எவரும் தம் எதிர்ப்பை எழுதி அனுப்பலாம். தென் மாநிலங்களுக்குரிய அலுவலகம் நம் கிண்டியிலேயே இருக்கிறது.

ஆயினும், கதவு திறந்திருந்தால் மட்டும் போதுமா? உள்ளே செல்பவர் கையில் சான்று இருக்க வேண்டும். உவர்மண் எங்கே எடுத்தார்கள், வெள்ளாவி எத்தனை நாழிகை வைத்தார்கள், எந்தக் கறைக்கு எந்தப் புளிப்பை இட்டார்கள் என்பவை முதியோர் நினைவில் மட்டும் இருந்தால், அவர்களோடு அவையும் மறையும். பிறகு அவற்றையே புதிதென்று ஒருவர் கொண்டுவரும்போது மறுத்துரைக்க ஆள் இராது. உண்மையாகவே புதியதைப் படைப்பவருக்கும் இது இழப்பே. பழையது இன்னதென்று தெரிந்தால்தானே புதியதன் பெருமை விளங்கும்?

ஆதலின் மாணவர்களே, உங்கள் தெருவில் கைத்தொழில் அறிந்த பெரியவர்களிடம் சென்று கேளுங்கள். சலவைத் துறையிலும், மீன்பிடித் துறையிலும், பட்டறையிலும் அவர்கள் செய்வதை முறையாக, நாளும் இடமும் குறித்து, அவர்கள் இசைவோடு எழுதி வையுங்கள். இன்று பள்ளிக் குறிப்பேட்டில் நீங்கள் எழுதும் நான்கு வரி, அச்சேறி நிலைத்துவிட்டால், நாளை ஒரு பேட்டையின் அறிவுக்கு வேலியாக நிற்கும்.