லாகூரில் ஆட்டம், மட்டக்களப்பில் கச்சான்

1996 மார்ச் 17ஆம் திகதி இலங்கை அணி உலகக் கோப்பையை வென்றதைப் பற்றி எழுதியோர் அனேகர். அன்று மட்டக்களப்பு வாவியோர வீடுகளில் எதைக் கொறித்தபடி ஆட்டம் பார்த்தோம் என்பதை எவரும் எழுதியதாக நான் காணவில்லை.

போர்க்காலம். நகர் இராணுவத்திடம், வாவிக்கு மேற்கே படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளிடம். இருட்டிய பின் கடைக்குப் போக இயலாது. ஆகவே எல்லாம் வீட்டுத் தயாரிப்பே: மணலில் வறுத்த கச்சான், ஊறவைத்து அவித்து, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ச் சொட்டுடன் தாளித்த கடலை. முறுக்கு, வசதி படைத்தோர் வீட்டுப் பண்டம்.

இந்த அணிக்காகத் தமிழர் கைதட்டலாமா என்ற வாதம் அந்தக் கடலைத் தட்டைச் சுற்றியே நடந்தது. முரளிதரன் பந்தெடுத்ததும் வாதம் ஓய்ந்தது. அணியிலிருந்த ஒரே தமிழர் அவர். முந்திய டிசம்பரில் மெல்பேர்ணில் நடுவர் டெரல் ஹெயார் அவரது பந்துவீச்சை ஏழு முறை ‘நோபோல்’ என்று அறிவித்திருந்தார். அவரது பந்தில் ஷேன் வோர்ன் ஸ்டம்ப் செய்யப்பட்டபோது, கைதட்டக் கூடாதென்றவரே முதலில் எழுந்து நின்றார்!

அவுஸ்திரேலியாவின் 241 ஓட்டங்களை இலங்கை மூன்று விக்கெட் இழப்பில் கடந்தது. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. வெளியே வெடியோசை. பட்டாசா, துப்பாக்கியா என்று தெரியாமல் விளக்கை அணைத்தோம். மிச்சக் கடலையை இருட்டிலேயே தின்று முடித்தோம்.