பழைய இயங்குகோப்புகளும் கெர்னலின் கடப்பாடும்
ஏ.அவுட் வடிவத்தின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

கணினியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் புதியனவற்றின் வருகையையே வரிசைப்படுத்திச் செல்வர். எது எப்போது தோன்றிற்று என்பதே அவர்தம் வினாவாக அமைகின்றது. தோன்றிய ஒன்று எத்துணைக் காலம் பேணப்பட்டது, யாருடைய உழைப்பாற் பேணப்பட்டது, யார் பொருட்டுப் பேணப்பட்டது என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. 1971 ஆம் ஆண்டளவில் வரையறைபெற்று, 2022 ஆம் ஆண்டின் இறுதியில் லினக்ஸ் முறைமையிலிருந்து முற்றாக நீக்கப்பட்ட ஏ.அவுட் என்னும் கோப்பு வடிவம், இவ்வினாக்களை எழுப்புவதற்கு நல்லதொரு வாய்ப்பினைத் தருகின்றது. ஒரு வடிவத்தின் ஆயுளை நிருணயிப்பதில் அதன் தொழில்நுட்பத் தகுதியைக் காட்டிலும், மூலநிரல் யார் கைவசம் உள்ளது என்னும் உடைமை உறவே வலிமையுடையதாய் நின்றது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

மனிதர் எழுதும் செய்நிரல் மூலநிரல் எனப்படும். தொகுப்பான் அதனை இயந்திரத்திற்குரிய அறிவுறுத்தல்களாக மாற்றி ஒரு கோப்பில் இடுகின்றது. அதுவே இயங்குகோப்பு. அதனை நினைவகத்தில் ஏற்றி இயக்கும் பொறுப்பு, பணிசெயல் முறைமையின் உட்கருவாகிய கெர்னலுக்குரியது. கோப்பின் எப்பகுதி அறிவுறுத்தல், எப்பகுதி தரவு, எவ்விடத்தில் தொடங்குவது என்பனவற்றைக் கெர்னல் அறிந்தாலன்றி ஏற்றுதல் இயலாது. இவ்விவரங்களைக் கோப்பின் தலைப்பில் எழுதிவைக்கும் உடன்பாட்டினையே நாம் ஈண்டு வடிவம் என்கின்றோம்.

ஏ.அவுட் என்னும் பெயர் 'ஒருங்குசேர்ப்பானின் வெளியீடு' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமாகும். பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் 1969 இல் பீ.டீ.பி.-7 இயந்திரத்தில் யுனிக்ஸ் முறைமையைத் தொடங்கியபோது, செய்நிரல்களை ஒன்றுடனொன்று பிணைக்கும் இணைப்பான் அங்கு இருக்கவில்லை. ஒருங்குசேர்ப்பான் வெளியிட்டது எதுவோ அதுவே நேரே இயங்குவதாயிற்று. பின்னர் இணைப்பான் வந்தது; வேறு பெயரிடும் வசதியும் வந்தது; பெயர் மட்டும் மாறவில்லை. இன்றும் சீ மொழித் தொகுப்பானுக்கு வெளியீட்டின் பெயரைச் சொல்லாது விட்டால் அது ஏ.அவுட் என்ற பெயரிலேயே கோப்பினை உண்டாக்குகின்றது. அதன் உள்ளடக்கமோ பழைய வடிவத்தினது அன்று. பொருள் போன பின்னும் பெயர் நிலைபெறுவதற்கு இது தக்க சான்றாகும்.

பீ.டீ.பி.-11 இயந்திரத்திற்கு யுனிக்ஸ் பெயர்க்கப்பட்டபோது கோப்பின் தலைப்பு திட்டமான உருவம் பெற்றது. அதன் முதற்சொல்லாக, எட்டை அடியாகக் கொண்ட எண்முறையில் 407 என்னும் எண் இடப்பட்டது. இதனை 'மந்திர எண்' என்று பொறியியலாளர் அழைத்தனர். ஆயின் இதன் தோற்றத்தில் மந்திரம் யாதுமில்லை. 407 என்பது அவ்வியந்திரத்தின் உண்மையான அறிவுறுத்தல்களுள் ஒன்று. எட்டுச் சொற்கள் கொண்ட தலைப்பினைத் தாண்டி அடுத்துள்ள இடத்திற்குச் செல் என்பது அதன் பொருள். தலைப்பு ஆறு சொற்களாக இருந்த முதற்பதிப்பில் அதற்கேற்ப 405 என்னும் எண் வழங்கிற்று. கோப்பினை அப்படியே நினைவகத்தில் இட்டு முதற்சொல்லிலிருந்து தொடங்கினால், இயந்திரம் தானாகவே தலைப்பைக் கடந்து செல்லும். கடமை செய்த ஓர் அறிவுறுத்தல் காலப்போக்கில் வெறும் அடையாளமாயிற்று. பகிர்ந்து கொள்ளத்தக்க, எழுதமுடியாத அறிவுறுத்தற் பகுதியுடைய கோப்புகளுக்கு 410 என்றும், வேண்டும்போது பக்கம் பக்கமாக ஏற்றப்படுவனவற்றுக்கு 413 என்றும் புதிய எண்கள் சேர்ந்தன. 1991 இல் பின்லாந்து மாணவரான லினஸ் ரோர்வால்ட்ஸ் இன்ரெல் 386 இயந்திரத்திற்கென லினக்ஸை எழுதியபோது இவ்வடிவத்தையே மேற்கொண்டார். 386 இயந்திரத்தில் 407 எந்தத் தாண்டலையும் குறிக்காது. இருபதாண்டுகட்கு முந்திய வேறோர் இயந்திரத்தின் கட்டளை, பொருளிழந்த முத்திரையாய் அங்கும் வந்து சேர்ந்தது.

லினக்ஸில் ஏற்றுதல் நிகழும் முறையை இவ்விடத்திற் சற்று நோக்குதல் வேண்டும். ஒரு கோப்பினை இயக்குமாறு கேட்கப்பட்டதும் கெர்னல் அதன் தொடக்கத்திலுள்ள சில பைட்டுகளை வாசிக்கின்றது; தன்னிடம் பதிவுபெற்றுள்ள ஏற்றிகளை ஒவ்வொன்றாக அழைத்து அவற்றைக் காட்டுகின்றது. தனக்குரிய வடிவமெனக் காணும் ஏற்றி பொறுப்பேற்கின்றது. அல்லாதது மறுத்துவிட, அடுத்தது அழைக்கப்படுகின்றது. எதுவும் ஏற்காவிடின் வழு அறிவிக்கப்படுகின்றது. புதிய வடிவம் வந்தமையால் பழையதை அகற்றவேண்டிய நிர்ப்பந்தம் இவ்வமைப்பில் இல்லை. இரண்டும் அருகருகே இருக்கலாம். ஏ.அவுட்டின் நீண்ட முதுமைக்கு இவ்வமைப்பே பௌதிக அடிப்படையாயிற்று எனலாம்.

ஏ.அவுட்டினை அசைத்தது பகிர் நூலகங்களின் பிரச்சினையாகும். பல செய்நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரற்பகுதிகளை ஒருமுறை மாத்திரம் நினைவகத்தில் வைத்தால் இடம் மிஞ்சும்; நினைவகம் விலைமிகுந்திருந்த காலத்தில் இது சிறிய இலாபமன்று. ஆனால் ஏ.அவுட் வடிவில் ஒவ்வொரு நூலகத்திற்கும் நிலையான முகவரிப் பரப்பொன்றை முன்கூட்டியே ஒதுக்கவேண்டியிருந்தது. இரண்டு நூலகங்கள் ஒரே பரப்பில் மோதாதிருக்கப் பொதுப்பதிவொன்று பேணப்பட்டது. நூலகம் வளர்ந்து தன் எல்லையை மீறினால் அதனோடு பிணைந்த செய்நிரல்களும் பாதிக்கப்படும். சிலர் தமக்குள் எழுதுவதற்கு இது போதும். உலகெங்கும் பரந்த தன்னார்வலர் கூட்டமொன்று ஒரே காலத்தில் எழுதுவதற்குப் போதாது. உற்பத்தியின் சமூகப் பரப்பு விரிந்தபோது பழைய வடிவம் தளையாயிற்று.

சிஸ்டம் வீ யுனிக்ஸ் இதற்குமுன் கொஃப் என்னும் வடிவத்தை மேற்கொண்டிருந்தது. அதன் நான்காம் வெளியீட்டில் எல்ஃப் வடிவம் வந்தது. எங்கு வைத்தாலும் இயங்கத்தக்க நூலகங்களை எல்ஃப் எளிதாக்கிற்று. எரிக் யங்டேல் முதலியோர் உழைப்பால் லினக்ஸ் கெர்னல் அதனை ஏற்கத் தொடங்கியது. 1995 மார்ச்சில் வெளியான 1.2 பதிப்பு இரு வடிவங்களையும் இயக்கிற்று. அவ்வாண்டிலேயே ஸ்லக்வெயர் 3.0 எல்ஃப் வடிவத்திற்கு மாறிற்று. 1996 இல் டெபியன் 1.1 மாறிற்று. ஃப்ரீ பி.எஸ்.டி. 1998 இல் 3.0 பதிப்புடன் பின்தொடர்ந்தது.

இம்மாற்றத்தில் இருவகைப் பயனாளர் தோன்றினர் என்பது மனங்கொள்ளத்தக்கது. மூலநிரல் கைவசமுள்ளோர் அதனை மீளத் தொகுத்தனர். அவர்க்கு மாற்றம் சில நாள் வேலையாக முடிந்தது. வணிக நிறுவனத்திடம் இயங்குகோப்பினை மட்டும் விலைக்கு வாங்கியோர் அவ்வாறு செய்ய இயலாது. நிறுவனம் புதிய வடிவில் தந்தாலன்றி, அவர்கள் பழைய ஏற்றியையே நம்பியிருக்க வேண்டியவராயினர். பழைய வடிவத்தைக் கெர்னல் தாங்குவதென்பது, மூலநிரலுக்கு உரிமையற்றோர் பொருட்டுக் கட்டற்ற மென்பொருளாளர் சுமந்த சுமையாகும். இதனுள் உள்ள முரண்பாடு நுணுகி நோக்கத்தக்கது: பகிர்வைக் கொள்கையாகக் கொண்டோரின் உழைப்பு, பகிர மறுத்தோரின் பண்டத்தை உயிருடன் வைத்திருந்தது. 1990களில் எஸ்.சி.ஓ. யுனிக்ஸின் கொஃப் கோப்புகளை லினக்ஸில் இயக்கவென, பிரதான கெர்னலுக்கு வெளியே ஐ.பி.சி.எஸ். என்னும் இணைப்பொன்று பேணப்பட்டதும் இவ்வகையினதே. ஆயினும் அதில் வேறொரு நோக்கமும் கலந்திருந்தது. வணிகச் செய்நிரல்களைக் காட்டிப் புதிய பயனாளரை ஈர்க்கும் தேவை அது.

பயனாளரின் செய்நிரல் முறிந்துபோகும்படி கெர்னலை மாற்றலாகாது என்பது ரோர்வால்ட்ஸ் விடாப்பிடியாக வற்புறுத்திய விதி. ஏ.அவுட் ஏற்றி அவ்விதியின் நிழலிலேயே வாழ்ந்தது. ஆனால் பகிர் நூலகத்தை நாடும் பழைய செய்நிரலுக்கு ஏற்றி மாத்திரம் போதாது. லிப்சி என்னும் அடிப்படை நூலகத்தின் நான்காம் தலைமுறையும் வேண்டும். அதனை வெளியீட்டாளர்கள் படிப்படியாகக் கைவிட்டனர். வாயில் திறந்திருந்தது; வீட்டினுள் பண்டம் இல்லை.

திறந்த வாயிலுக்குக் காவலும் வேண்டும். பழைய நூலகங்களை ஏற்றவென இருந்த யூஸ்லிப் என்னும் கெர்னல் அழைப்பிலே பாரிய குறைபாடொன்றினை 2005 ஜனவரியில் போல் ஸ்ரார்செற்ஸ் என்னும் ஆய்வாளர் வெளிப்படுத்தினார். நினைவகப் பரப்பினை மாற்றும்போது இடவேண்டிய பூட்டினை ஏ.அவுட் ஏற்றியும் எல்ஃப் நூலக ஏற்றியும் இடாதிருந்தன. அந்த இடைவெளியைப் பயன்படுத்திச் சாதாரண பயனாளர் ஒருவர் முழு அதிகாரமும் பெறக்கூடியதாயிருந்தது. 2.4, 2.6 ஆகிய இரு வரிசைகளும் பாதிக்கப்பட்டன. அநேகர் ஒருபோதும் அழைத்திராத ஓர் அழைப்பு அனைவரையும் ஆபத்துக்குள்ளாக்கிற்று. பழமையைப் பேணுவதன் விலையை, பழமையால் ஒரு பயனும் பெறாதோரே செலுத்துகின்றனர் என்னும் உண்மை இங்கு அப்பட்டமாகின்றது. 2014 இல்தான் அவ்வழைப்பினைக் கெர்னலிலிருந்து தவிர்த்துத் தொகுக்கும் வசதி வந்தது.

2019 இல் போரிஸ்லாவ் பெற்கோவ் என்னும் பராமரிப்பாளர், எல்ஃப் வந்து கால் நூற்றாண்டாகிவிட்டதைச் சுட்டிக்காட்டி, ஏ.அவுட் ஆதரவு கைவிடப்பட உள்ளதென அறிவிக்கும் மாற்றத்தை முன்வைத்தார். தொகுப்பான்கள் அவ்வடிவைத் தோற்றுவிப்பதை நிறுத்திப் பல காலமாயிற்று. செயலிழந்த செய்நிரலின் நினைவகத்தைப் பதிவுசெய்யும் அதன் பகுதி, கவனிப்பாரற்றுத் துருவேறியிருந்தது; ரோர்வால்ட்ஸ் அதனை அப்போதே அகற்றினார். பயன்படுத்தப்படாத நிரல் மாறாது அப்படியே இருக்கும் என எண்ணுதல் தவறு. சூழவுள்ளவை மாறுவதால் அது தானே சிதைகின்றது. சிதையாது காக்க இடையறாத உழைப்பு தேவை.

2022 இல் எக்ஸ்86 இயந்திரங்களுக்கான ஆதரவினை நீக்கும் முயற்சி நடந்தபோது, யாரும் இதனைப் பயன்படுத்துவதில்லை என்னும் எடுகோள் பொய்த்தது. 1993 இல் வெளியான அட்டாரி ஜாகுவார் விளையாட்டுக் கருவிக்குச் செய்நிரல் எழுதும் ஆர்வலர் ஒருவர், அதற்குரிய பழைய கருவிகள் ஏ.அவுட் கோப்புகளாகவே எஞ்சியிருப்பதாகவும், அவற்றைத் தாம் இன்றும் இயக்குவதாகவும் எடுத்துரைத்தார். ஒருவரோ சிலரோ என்று இதனை எள்ளி ஒதுக்குதல் எளிது. ஆயினும் தயாரித்த நிறுவனம் சந்தையை விட்டகன்ற பின்னர், அப்பண்டத்தின் அறிவு எஞ்சியிருந்தது இத்தகைய சிலரின் கைகளிலேயே. மூலநிரல் பொதுவுடைமையாய் இருந்திருப்பின் இவ்வேண்டுகோளுக்கே இடமிருந்திராது.

இதற்குக் கெர்னல் பொறியியலாளர் கீஸ் குக் கண்ட தீர்வு குறிப்பிடத்தக்கது. ஏ.அவுட் கோப்பினை வாசித்து, அதன் பகுதிகளை நினைவகத்தில் உரிய முகவரிகளில் வைத்து, தொடக்க இடத்திற்குத் தாவும் சிறிய எல்ஃப் செய்நிரல் ஒன்றை அவர் மாதிரியாக எழுதிக்காட்டினார். ஏற்றுதல் கெர்னலின் தனியுரிமையன்று, சாதாரண செய்நிரலும் செய்யத்தக்கது என்பது இதனாற் புலனாயிற்று. சுமை எல்லோர் தோளிலிருந்தும் இறங்கி, வேண்டுவோர் தோளுக்கு மாறிற்று. அல்ஃபா, எம்68கே ஆகிய இயந்திரங்களில் எஞ்சியிருந்த ஆதரவும் அகன்று, 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்புடன் ஏ.அவுட் ஏற்றி லினக்ஸிலிருந்து மறைந்தது.

ஆயின் சாதாரண பயனாளரைப் பொறுத்தவரை வாயில் அதற்கு முன்பே வேறோர் இடத்தில் அடைபட்டிருந்தது. லினக்ஸின் 413 வகைக் கோப்புகள் தம் அறிவுறுத்தல்களைப் பூச்சிய முகவரியிலேயே வைப்பவை. பின்வந்த வகையொன்று முதற்பக்கத்தை வெறுமையாய் விட்டு 4096 இலிருந்து தொடங்கிற்று. 2007 இல், தாழ்ந்த முகவரிகளைத் தீயோர் கைப்பற்றாதிருக்க, குறித்த எல்லைக்குக் கீழே சாதாரண செய்நிரல்கள் இடம் பெறுவதைத் தடுக்கும் ஏற்பாடு கெர்னலிற் சேர்ந்தது. பல வெளியீடுகளில் அவ்வெல்லை 65,536 என நிருணயமாயிற்று. பூச்சியமும் 4096 உம் அதற்குக் கீழே உள்ளவை. எனவே அக்கோப்புகளை இயக்க விரும்புவோர் முறைமை நிருவாகியின் அதிகாரத்தோடு அவ்வெல்லையைத் தாழ்த்தவேண்டும். குக் எழுதிய ஏற்றிக்கும் இவ்விதி பொருந்தும்.