மண்ணுக்குள் மறையும் காங்கிரீட்: பைல் சோதனை முறைகளின் வளர்ச்சி

கட்டடத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக அமைக்கும் தூணான பைல் எவ்வளவு சுமை தாங்கும் என்பதே பொறியாளர்கள் நெடுங்காலம் கேட்டுவந்த கேள்வி. உள்ளே அது முழுதாக இருக்கிறதா என்ற கேள்வி பின்னால்தான் எழுந்தது. கருவிகள் வளர்ந்ததை இதற்குக் காரணமாகச் சொல்வது வழக்கம். பைல் செய்யும் முறையே மாறியதுதான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

அடித்து இறக்கும் பைலை மண்ணுக்குள் போகுமுன் கண்ணால் பார்த்துவிடலாம். ஆகவே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கர் வெலிங்டன் வகுத்த சூத்திரத்துக்குச் சம்மட்டியின் எடையும், அது விழும் உயரமும், ஓர் அடிக்குப் பைல் இறங்கும் அளவுமே போதுமாயிருந்தன. அந்த அடி உண்மையில் பைலுக்குள் அலையாக ஓடுகிறது என்பதை ஆஸ்திரேலியப் பொறியாளர் ஐசக்ஸ் 1931இல் எடுத்துக்காட்டினார். பிரிட்டனில் கிளான்வில் குழு 1938இல் அந்த அலையால் எழும் தகைவுகளை அளந்து வெளியிட்டது. இருந்தும் மண்ணின் தடையைச் சேர்த்து அலைச் சமன்பாட்டைக் கையால் போட்டு முடிப்பது ஆகாத வேலை. கணினி வந்த பிறகே ஸ்மித் 1960இல் அதற்கு வழி கண்டார். 1964 முதல் ஒஹையோவின் கேஸ் கல்வி நிறுவனத்தில் கோபிள் குழு செய்த ஆய்வும் தாங்குதிறனைப் பற்றியதே.

துளையிட்டு வார்க்கும் பைல் பரவியதும் நிலைமை மாறியது. துளையின் சுவர் சரியலாம். காங்கிரீட்டில் மண் கலக்கலாம். நடுவில் பைல் ஒடுங்கிப் போகலாம். வார்த்த பின் கண்ணுக்குத் தெரிவது தலை மட்டும். பிரான்சில் பாக்கே 1968இல் பைலின் அதிர்வை ஆராய்ந்து எழுதியது இந்தச் சிக்கலை நேராகத் தொட்டது. தலையிலுள்ள சொத்தைக் காங்கிரீட்டைக் கொத்தி எடுத்துவிட்டு, முடுக்கமானியை மெழுகால் ஒட்டி, கைச்சுத்தியலால் ஒரு தட்டு தட்டும் இன்றைய முறைக்கு அத்தகைய ஆய்வுகளே அடிப்படை. இந்தியாவில் இத்தகைய சோதனைக்கு ஐ.எஸ். 14893 என்னும் வழிகாட்டி 2001இல் வந்தது.

எளிய சோதனைதான், ஆனால் கருவி அளப்பது தட்டலில் எழும் அலை அடிவரை போய்த் திரும்பும் நேரத்தை, நீளத்தை அல்ல. 20 மீட்டர் பைலில் அலை நொடிக்கு 4,000 மீட்டர் ஓடினால், அடிவரை போய்த் திரும்ப 10 மில்லிநொடி ஆகும். 18 மீட்டர் பைலில் காங்கிரீட் தரம் குறைந்து வேகம் 3,600 ஆனாலும் அதே 10 மில்லிநொடிதான்! வேகத்தை ஊகித்துக்கொள்ளும் வரை நீளத்தை அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நீளம் எத்தனை முக்கியம் என்பதை ஹாங்காங் காட்டியது. ஷா டின் பகுதியில் கட்டிக்கொண்டிருந்த குடியிருப்பு சமமின்றி அமிழ்வதைக் கண்டு ஆராய்ந்தபோது பைல்கள் குட்டையாக இருந்தது வெளிப்பட்டது. இரண்டு அடுக்குமாடிகள் இடிக்கப்பட்டன. வீட்டுவசதி ஆணையத் தலைவர் 2000இல் பதவி விலகினார்.

கம்பிக்கூட்டில் குழாய்களைக் கட்டி, நீர் நிரப்பி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மீயொலி அனுப்பும் முறை சுத்தியல் சோதனையைவிட நுணுக்கமானது. ஆனால் குழாயை வார்ப்புக்கு முன்பே வைத்தாக வேண்டும். கூட்டுக்கு வெளியே உள்ள காங்கிரீட்டும் அதற்குத் தெரியாது. சிமென்ட் இறுகும்போது எழும் வெப்பத்தை அளக்கும் முறை அந்த வெளிப்புறத்தையும் காட்டுகிறது. அமெரிக்காவில் மல்லின்ஸ் வளர்த்த இம்முறைக்கு 2014இல் தரநிலை வெளியானது. வார்த்த சில நாட்களுக்குள் அளந்துவிட வேண்டும் என்பதுதான் சங்கடம். ஆறிப்போன பழைய பைலுக்கு இன்றும் பெரும்பாலும் சுத்தியலே கதி.