நாற்பாங்கெல்லையில் ஒரு பெயர்

மன்னர்க்கு மெய்க்கீர்த்தி உண்டு. அதனைக் கல்லில் வெட்டவும் ஆள் உண்டு. உழவர்க்கு எஞ்சியவை பரண்மேல் கிடக்கும் தகரப்பெட்டியும் அதனுள் துணியில் முடிந்த சில தாள்களுமே. அத்தாள்களை அவர் வரலாற்றுக்காகச் சேர்த்து வைத்தாரல்லர். அச்சத்தால் சேர்த்து வைத்தார். கட்டிய கிஸ்தியை மீண்டும் கேட்டால் காட்டுதற்கு ரசீது; தீர்த்த கடனை மீண்டும் கேட்டால் காட்டுதற்கு வரவெழுதிய புரோநோட்டு. ஆகவே அவற்றில் ஒரு முன்னோரின் முகத்தைத் தேடுவோர் காண்பது, வரி கொடுத்தவராகவும் கடன்பட்டவராகவும் மட்டுமே நிற்கும் ஒருவரை.

சேலம் நாட்டின் பாராமகால் பகுதி இத்தகைய தேடலுக்கு ஏற்றது. 1792இல் அது திப்புவிடமிருந்து கும்பினியார் கைக்கு வந்தபின், அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும் வயல்தோறும் அளந்து, குடியானவரிடமே நேரே தீர்வை பெறும் முறைக்கு அங்கே அடியிட்டனர். இரயத்துவாரி எனப் பின்னர்ச் சென்னை மாகாணத்தில் பரவிய அம்முறையால், இடைத்தரகரின்றி உழவர் பெயர் அரசுக் கணக்கில் ஏறியது. பட்டாவும் சிட்டாவும் அடங்கலும் அதன் வழிவந்தவை.

எனினும் ஆண்டை அறிவதே முதல் இடர்ப்பாடு. பழைய ஓலையிலோ தாளிலோ 'தாது வருஷம்' என்று மட்டும் இருக்கும். அறுபதாண்டுச் சுழற்சியில் அது 1816ஆகவும் இருக்கலாம், 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். உடன் பசலி குறிக்கப்பட்டிருந்தால் ஐயம் தீரும். பசலி 1286உடன் 590ஐக் கூட்டினால் 1876. அவ்வாண்டு ஜூலையில் தொடங்குவது அப்பசலி. புள்ளியிடாத கர்ணத்தின் கூட்டெழுத்தும், காணி, அரைக்காணி, முந்திரி எனச் செல்லும் பின்னக் குறிகளும் அடுத்த தடைகள். சுவடிப் பயிற்சி இல்லாத பட்டதாரிப் பேரன் தன் பாட்டனாரின் பத்திரத்தைப் படிக்கவியலாமல் திகைப்பது இயல்பே.

தாது வருடம் என்றதும் பஞ்சம் நினைவுக்கு வரும். 1876–78 பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. 1871ஐவிட 1881இல் அம்மாவட்டத்தின் மக்கள்தொகையே குறைந்திருந்தது. ஒரு குடும்பத்தின் பெட்டியில் அவ்வாண்டுகளை எங்ஙனம் படிப்பது? ஒற்றிப் பத்திரம் ஒன்று, சில மாதங்களில் மற்றொன்று, பின் கிரயப் பத்திரம் என வரிசைப்பட்டால் நிலம் கைந்நழுவிய வேகம் தெரியும். ஆனால் நிலத்துக்கு முன்பே கைவிட்டுப் போனவற்றுக்குத் தாள் இல்லை. உழவு மாட்டை விற்றதற்குப் பத்திரம் எழுதுவாரில்லை. விதைக் கேழ்வரகைக் குத்தித் தின்ற நாளை எந்தக் கணக்கும் குறிக்கவில்லை. பசலி 1287க்குக் கிஸ்தி ரசீது இல்லையென்றால், தீர்வை தள்ளுபடியானதா, கட்ட வழியில்லையா, குடும்பம் ஊரைவிட்டே பெயர்ந்ததா என்பதை அந்த இடைவெளி சொல்லாது. பஞ்சத்தைப் பொறுத்தவரை, இருக்கும் தாள்களைவிட இல்லாத தாள்களே மிகுதியாகப் பேசுகின்றன எனலாம்.

நிலம் இழந்தவரை வேறோரிடத்தில் காணலாம். அஃது அடுத்த நிலத்தவரின் பத்திரம். சோழர் கல்வெட்டுகளில் பெருநான்கெல்லை கூறும் மரபு, கிரயப் பத்திரங்களிலும் நாற்பாங்கெல்லையாகத் தொடர்ந்தது. 'இன்னார் புஞ்சைக்கு மேற்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு' என எழுதுகையில் நிலத்தை விற்றவரின் பெயரும், ஏன், இறந்தவரின் பெயரும்கூட, எல்லையாகவே நின்றுவிடுவதுண்டு. ஊரார் வாயில் அந்தக் காடு இன்னும் அவர் காடுதான். பத்திரத்தின் இறுதியில் சாட்சிகளிடையேயும் அவர் கிட்டலாம், எழுத்தறியாதவராயின் வெறுங்கீறலாக. அக்கீறலுக்குக் கல்வெட்டு வழங்கும் பெயர் தற்குறி. கையெழுத்துக்கு ஈடான அடையாளத்தைக் குறித்த அச்சொல் பின்னாளில் வசைச்சொல்லாய் இழிந்தது.

பெண்டிர் இவ்வாவணங்களில் பெரும்பாலும் கணவர் இறந்தபின்னரே தோன்றுகின்றனர்: மைனர் மகனுக்குக் கார்டியனாக. நாற்று நட்ட கையும் களை பறித்த கையும் அடங்கலில் இல்லை.

அவர்களினும் மறைந்தவர், பிறர் நிலத்தை உழுத பண்ணையாள். அவருக்குப் பட்டா இல்லை, எல்லையில் பெயரில்லை, சாட்சியாகவும் அழைப்பதில்லை. இரயத்துவாரி எழுதிக்கொண்டது தீர்வை கட்டியவரை. ஏர் பிடித்தவரை அன்று. அவர் பெயர் முழுமையாக எழுதப்பட்ட ஓரிடம் துறைமுகம். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்த 'டுரூரோ' கப்பல் முதலாக, நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர்க்குப் பதிவேடு உண்டு. பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், ஊர் ஆகியவை அதில் உள்ளன. உடலடையாளமும் உண்டு: இடக்கன்னத்தில் மச்சம், முழங்காலில் தழும்பு என்பன போல.

அங்குப் பிறந்த வழித்தோன்றல்கள் இன்று அப்பதிவின் படியோடு தமிழகம் வருகின்றனர். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தவாறு எழுதிய ஊர்ப்பெயர் எந்த ஊருடையது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்கின்றனர். ஊர் தெரிந்தாலும், அங்குள்ள பழைய கணக்கில் தேடுவதற்கு அவர்களுடைய முன்னோரின் பெயரில் ஒரு சர்வே எண் இல்லை.