பிடியரிசியும் மூன்று ரூபாச் சந்தாவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சங்கம் இல்லாத ஊரைக் காண்பது அரிது. வாசிகசாலை, சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மரண சகாய நிதிச் சங்கம், பழைய மாணவர் சங்கம், ஆலய பரிபாலன சபை என்று ஒரு குறிச்சிக்குள்ளேயே ஐந்தாறு பெயர்ப்பலகைகள் தொங்கும். ஒருவரே நான்கு சபைகளில் அங்கத்தவராகவும், அவற்றுள் ஒன்றிற் காரியதரிசியாகவும், மற்றொன்றில் தனாதிகாரியாகவும் இருத்தல் அங்கே புதுமையன்று. இச்சங்கங்களுக்குப் பொருள் கொடுத்தவர் யார், கூட்டத்துக்கு வந்திருந்தவர் யார், வேலையிற் கைகொடுத்தவர் யார் என்று வினவினால், மூன்றுக்கும் ஒரே பெயர்ப் பட்டியல் விடையாக வருவதில்லை. ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளாக அம்மூன்று பட்டியல்களும் ஒன்றையொன்று நெருங்கியும் விலகியும் வந்த கதை ஆராயத்தக்கது.

சங்கம் என்னும் சொல் வழங்குமுன்னரே பொதுக் கொடை யாழ்ப்பாணத்தில் இருந்தது. வணிகர் தம் விற்பனையில் ஒரு சிறு கூறினைக் கோயிலுக்கென ஒதுக்குவது மகமை. பலர் சேர்ந்து வெட்டிய பங்குக் கிணற்றில் இன்னார்க்கு இன்ன நாள் இறைப்பு முறை என்று வகுத்திருந்தனர். ஆறில்லாத அந்நிலத்தில் முறை தவறினால் தோட்டம் வாடும். ஆதலின் குறித்த வேளையில் வந்து நிற்றல் என்னும் ஒழுக்கத்தைக் கமக்காரருக்கு எவரும் புத்தகம் வைத்துக் கற்பிக்கவேண்டியிருக்கவில்லை.

ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, கிறித்தவ மிசனரிமாருக்குக் கடல் கடந்து வந்த பணம்போல அவருக்கு எங்கிருந்தும் பணம் வரவில்லை. பிள்ளைகளிடத்திற் சம்பளம் வாங்குவதும் அவர் கருத்தன்று. அவர் கைக்கொண்ட வழிகளுள் ஒன்று பிடியரிசி. அதன் முறை மிக எளியது. உலையிலிடுவதற்கு அரிசியை அளந்தெடுக்கும்போது அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறொரு முட்டியிலோ பனையோலைப் பெட்டியிலோ இடவேண்டும். குறித்த நாளில் ஒருவர் வந்து சேர்ந்ததை வாங்கிச் செல்வார். அவ்வரிசி உணவாகவோ பணமாகவோ பள்ளிக்கூடத்துக்கு உதவும்.

இவ்வேற்பாட்டின் நுட்பம் எளிதிற் புலப்படுவதன்று. மாதம் ஒரு முறை காசு கொடுப்பவர், கொடுத்த மறுகணமே அதை மறந்துவிடலாம். பிடியரிசி கொடுப்பவரோ நாள்தோறும், அடுப்பு மூட்டும் ஒவ்வொரு பொழுதும், அந்தப் பள்ளிக்கூடத்தை நினைக்கவேண்டியவர் ஆகின்றார். சந்தாவும் வரவும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. வீட்டைவிட்டு வெளியே வராமலே அவ்வீடு அங்கத்துவம் பெற்றுவிடுகின்றது. இல்லாதவர் வீட்டுப் பிடியும் இருப்பவர் வீட்டுப் பிடியும் ஏறத்தாழ ஓரளவே என்பதும் கருதத்தக்கது. அரிசியை அளந்தவர் வீட்டுப் பெண்கள். குடும்பத் தலைவரின் பெயரைச் சொல்லி அந்தப் பெட்டி அழைக்கப்பட்டிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் கொடுத்த கை தாயினதோ மனைவியினதோ ஆகும். அக்கைகளின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

1870களின் பிற்பகுதியிற் பஞ்சம் வந்தபோது நாவலர் கஞ்சித் தொட்டி வைத்து ஏழைகளுக்கு உணவளித்தார். வீடுகளிலிருந்து சிறிது சிறிதாகப் பொருள் திரட்டிய பழக்கம் முன்னரே வேரூன்றியிருந்த ஊர் அது.

நாவலர் 1879இல் மறைந்தார். 1888இல் யாழ்ப்பாணத்திற் சைவபரிபாலன சபை தோன்றியது. மறு ஆண்டில் இந்து சாதனம் பத்திரிகை வெளிவந்தது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் வளர்ச்சியும் அச்சபையோடு பிணைந்தது. இங்கே காட்சி மாறுகின்றது. அக்கிராசனர், காரியதரிசி, தனாதிகாரி, நிர்வாக சபை, அச்சடித்த அழைப்பிதழ், பற்றுச்சீட்டுப் புத்தகம் என்பன வந்தன. ஆங்கிலம் கற்ற நியாயவாதிகளும் உத்தியோகத்தரும் ஆசிரியரும் காணிக்காரரும் முன்வரிசையில் அமர்ந்தனர். அவர்கள் செய்த பணி பெரிது. ஆயினும் பிடியரிசிக் காலத்தில் வீடு முழுவதும் அங்கத்தவராயிருக்க, சந்தாக் காலத்தில் வீட்டில் ஒருவரே அங்கத்தவரானார். கணக்கு ஒழுங்காயிற்று; வாயில் குறுகிற்று.

வாயிலிலே இன்னொரு தடையும் இருந்தது. கூட்டத்துக்கு வருவது வேறு. வந்தவர் எங்கே அமர்வது என்பது வேறு. யாழ்ப்பாணச் சமூகத்தில் இவ்விரண்டாம் வினா கொடியது. உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் அளிக்கவேண்டும் என்று 1929இல் விதி வந்தபோது எழுந்த எதிர்ப்பை வரலாறு மறக்கவில்லை. ஒதுக்கப்பட்ட மக்கள் தமக்கெனச் சங்கங்களை அமைத்துக்கொண்டமை தனித்து நிற்கும் விருப்பத்தால் அன்று. பொதுச் சங்கம் என்று பெயர் பூண்டவற்றின் விறாந்தையிலே நிற்க மட்டும் இடம் கிடைத்தவர்கள் வேறென்ன செய்வர்? வரவேட்டை மட்டும் படித்து ஒரு சங்கத்தின் வரலாற்றை எழுதுவோர் கருதவேண்டிய செய்தி இது. வராதவர்களுட் சிலர் வரவிடப்படாதவர்கள்.

அவ்வாசனத்தைக் குறித்துத் துணிந்து பேசிய சபைகளுள் ஒன்று, 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிப் பின் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசாகப் பெயர் பெற்ற இயக்கம். ஹன்டி பேரின்பநாயகம் அதன் உயிர்நாடி. சாதி வேறுபாடின்றி ஒருங்கிருந்து உண்ணும் சமபோசனத்தை அவ்விளைஞர் ஒரு கொள்கையாகக் கொண்டனர். அவர்களிடம் பணம் இல்லை. பெரும்பாலோர் மாணவரும் இளம் ஆசிரியருமே. ஆயினும் அவர்களுடைய அழைப்பை ஏற்று 1927 நவம்பரிற் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். 1931இற் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு காங்கிரஸ் வேண்டியபோது குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. வராமையே பங்குபற்றுதலாக அமைந்த விந்தையான நிகழ்ச்சி அது. அப்பகிஷ்காரம் அறிவுடைமையோ என்பது வேறு விவாதம். மிகச் சிறிய சந்தாப் புத்தகம் கொண்ட ஒரு சபை ஒரு தீபகற்பத்தையே அசைத்தது என்பதில் ஐயமில்லை.

சந்தா என்னும் சொல்லின் பொருளை ஆராய்வோர்க்கு யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கம் தனிப் பாடம். நீதிமன்றத்திற் கடமையாற்றிய க. மு. செல்லப்பா என்னும் அன்பர் 1933இல் தம் இல்லத்திலேயே நூல்களைத் திரட்டிப் பிறர்க்குப் படிக்கக் கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் இலவசத் தமிழ் நூல்நிலையம் ஒன்று நடுநாயகமாக அமையவேண்டும் என்று அவ்வாண்டின் இறுதியில் வேண்டுகோள் விடுத்தார். 1934 யூன் மாதத்திற் பொதுக்கூட்டம் கூடிற்று, செயற்குழு அமைந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் முதலாம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஒரு சிற்றறையில் நூலகம் திறக்கப்பட்டது. அங்கே 844 நூல்களும் ஏறத்தாழ 30 பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் இருந்தன.

இலவசம் என்பது குறிக்கோள். ஆயினும் அறைக்கு வாடகை உண்டு, பத்திரிகைக்கு விலை உண்டு. எனவே நன்கொடையும் சந்தாவும் தவிர்க்கவியலாதவை ஆயின. 1935இல் நூலகம் நகரசபையின் பொறுப்பிற் சென்றது. மறு ஆண்டு நகர மண்டபத்தின் அயலிலுள்ள கட்டடத்துக்கு அது மாறியபோது அங்கத்துவச் சந்தா மூன்று ரூபா. அரசாங்க உத்தியோகத்தருக்கு அது சிறு தொகை. கூலி வேலை செய்வோர்க்குச் சிறு தொகையன்று.

நகரசபையிடம் ஒப்படைத்ததனால் நூலகம் பெற்றதும் இழந்ததும் உண்டு. சந்தா நிலுவைக்காக வீடு வீடாய் அலையும் துன்பம் நீங்கிற்று. வாசகர் தொகை பெருகிற்று. அதேவேளை, பொதுக்கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கும் உரிமை படைத்த அங்கத்தவர், புத்தகம் இரவல் வாங்கும் வாசகர் ஆனார். அன்றைய நிலையில் அதுவே தக்க முடிவு எனல் பொருந்தும். ஒரு சிற்றறைச் சங்கம் 1959 ஒக்டோபரில் திறக்கப்பட்ட அவ்வழகிய மாளிகையைத் தன் சந்தாவினால் எழுப்பியிருக்க இயலாது. 1981 மே 31ஆம் நாளிரவு அந்நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியூட்டப்பட்டபோது, யாழ்ப்பாணத்தார் அதனை ஒரு நகரசபைக் கட்டடத்தின் அழிவாகக் கருதவில்லை. தம் வீட்டு அலுமாரி எரிந்ததாகவே அழுதனர். சந்தா செலுத்தாதவர்களும் அவ்வாறே அழுதனர்.

கூட்டத்துக்கு வருதலின் அருமையை யாழ்ப்பாணத்துக் கமக்காரர்க்கு நன்கு உணர்த்தியவை ஐக்கிய நாணய சங்கங்களாகும். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எழுந்த இச்சங்கங்களிற் பொறுப்பு வரையறையற்றது. ஒருவர் பட்ட கடனை அவர் இறுக்காவிடின் மற்றெல்லாரும் இறுக்கவேண்டும். எவருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்னும் எல்லையைப் பொதுக்கூட்டமே வகுக்கும். அக்கூட்டத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தவர், தம் காணியையே அயலவர் கடனுக்கு ஈடு வைக்கும் தீர்மானத்திற் பேசும் வாய்ப்பை இழந்தார். புகையிலைத் தோட்டத்தில் இறைப்பு முடித்து, கால் கழுவி, சால்வையைத் தோளிற் போட்டுக்கொண்டு அந்திப் பொழுதிற் பள்ளிக்கூட விறாந்தைக்கு வந்து குந்தியிருந்தவர் கடமை உணர்ச்சியால் மட்டுமே வந்தார் என்று சொல்வது மிகையாகும். அச்சமும் அவரை அழைத்து வந்தது. அதில் இழுக்கு யாதுமில்லை. இவ்வியக்கத்துக்கு உழைத்தோருள் ஆசிரியரான வீ. வீரசிங்கம் குறிப்பிடத்தக்கவர், யாழ் நகரில் அவர் பெயரால் ஒரு மண்டபம் உண்டு.

மேனாட்டுச் சேவைக் கழகங்கள் இதே வினாவுக்கு வேறு விடை கண்டன. 1905 பெப்ரவரி 23ஆம் நாள் சிக்காகோவிற் போல் ஹரிஸ் தொடங்கிய றோட்டரிக் கழகம், அங்கத்தவர் அலுவலகங்களில் முறை மாறிக் கூடியதனாலேயே சுழற்சி என்னும் பொருள்பட அப்பெயர் பெற்றது. 1929இற் கொழும்பிலும், பின்னர் யாழ்ப்பாணத்திலும் அது கால்கொண்டது. வாரந்தோறும் கூட்டம், தக்க காரணமின்றித் தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்கு வாராதவர் அங்கத்துவம் இழப்பார், தம் ஊரில் தவறவிட்ட கூட்டத்துக்கு ஈடாகப் பிறிதோர் ஊரின் கழகத்துக்குச் செல்லலாம். நெடுங்காலம் நின்ற விதி இது. 2016இல் அதனையும் தளர்த்தினர். மாதம் இருமுறை கூடினாற் போதும் என்றாயிற்று. விதியை மட்டும் கொண்டு மனிதரை ஆசனத்தில் இருத்துவது எங்கும் கடினமே போலும்.

ஊரில் இல்லாத அங்கத்தவர் என்னும் சிக்கலும் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. மலாயாவிற் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்த யாழ்ப்பாணத்தார், 1900ஆம் ஆண்டிலேயே சிலாங்கூரில் இலங்கைத் தமிழர் சங்கம் அமைத்தவர்கள். ஊருக்கும் பணம் அனுப்பினர். ஓய்வூதியம் பெற்று ஊர் திரும்பிய அவர்களுட் பலர் ஊர்ச் சபைகளின் முன்வரிசைக்கு வந்தனர். 1930களில் எழுந்த மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலை அத்தகைய மலாயன் பென்சனியர்களின் கைவண்ணம் கலந்தது. பணம் முன்னே வந்தது. ஆள் பின்னே வந்தார். இடையில் இருபது முப்பது ஆண்டுகள் சென்றாலும் ஆள் வந்தார் என்பதே முக்கியம்.

1983இன் பின் சென்றவர்களின் கதை அத்தகையதன்று. போர் நிகழ்ந்த காலத்தில் ஊர்களே இடம்பெயர்ந்தன. மயிலிட்டி மக்கள் 1990இல் ஊரைவிட்டு நீங்கினர். அதன் துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017இல். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் சில நாட்களில் வெறுமையாயிற்று. பெயரேடுகளும் கூட்டக் குறிப்புகளும் அவ்வோட்டத்தில் அழிந்த ஊர்கள் பல. முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் கூடி, இல்லாத ஊருக்குச் சங்கம் நடத்தியோரும் உண்டு. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் அதே ஊர்ப் பெயரால் ஒன்றியங்கள் எழுந்தன. அவை அனுப்பும் பணத்தால் முன்பள்ளிகள் நடைபெறுகின்றன. வாசிகசாலைகளுக்கு ஓடு மாற்றப்படுகின்றது. மாணவருக்கு உதவித்தொகை கிடைக்கின்றது.

ஊரில் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு மணியடித்தால் நிறைவெண் சேர்வதற்கு அரைமணி நேரம் காத்திருக்கவேண்டிய சங்கங்கள் இன்று உண்டு. முதியோரும், அவர்களிலும் மிகுதியாகப் பெண்களும் வருகின்றனர். வரவேட்டிற் கையொப்பமிடுவதும், சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு வருவதும், நிலுவைச் சந்தாவுக்குப் படலையிற் சென்று நிற்பதும் பெரும்பாலும் இவர்களே. நாவலர் காலத்தில் ஏட்டில் இடம்பெறாத கைகள் இப்பொழுது தம் பெயரைத் தாமே எழுதுகின்றன. கடல் கடந்து வாழ்பவரைச் சில சங்கங்கள் போஷகர் என்று கொண்டு, கௌரவம் அளித்து, வாக்குரிமை அளிக்காமல் விடுகின்றன. வேறு சில, ஊரிற் பிறந்தவர் எங்கிருப்பினும் அங்கத்தவரே என்று யாப்பைத் திருத்தியுள்ளன. பொருள் தருபவர் தீர்மானிப்பதா, வந்திருப்பவர் தீர்மானிப்பதா என்னும் வழக்கு ஊருக்கு ஊர் வெவ்வேறு விதமாகத் தீர்ந்துவருகின்றது. சில ஊர்களில் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.