குளோரோ முன்னாடியா, ஃபுளூரோ முன்னாடியா?

ரொம்ப நாளாச்சு எழுதி. லேப், செமினார், பேப்பர் திருத்தறதுன்னு ஓடிக்கிட்டே இருக்கேன். போன வாரம் திருத்தும்போது நடந்த ஒரு விஷயம் மனசை விட்டுப் போக மாட்டேங்குது. அதையும் அதுக்குப் பின்னால இருக்கற வரலாற்றையும் சொல்லிடறேன். வேதியியல்னதும் ஓடிடாதீங்க, ப்ளஸ் டூ அளவுதான் :-)

இங்கே அமீரகத்துல எம்.எஸ்சி. படிச்சுக்கிட்டே முதல் வருஷப் பிள்ளைகளுக்கு லேப் எடுக்கறதும் விடைத்தாள் திருத்தறதும் என் வேலை. கேள்வி இதுதான். நாலு கார்பன் வரிசையா நிக்குது. ரெண்டாவதுல குளோரின், மூணாவதுல ஃபுளூரின். பேர் என்ன? விடை: 2-குளோரோ-3-ஃபுளூரோபியூட்டேன். அரபு மீடியத்துல படிச்சுட்டு வந்த ஒரு பொண்ணு 2-ஃபுளூரோ-3-குளோரோபியூட்டேன்னு எழுதியிருந்தாங்க. சிவப்பு மையால அடிக்கப் போன கை அப்படியே நின்னுடுச்சு. ஏன்னா இதே தப்பை நானும் செஞ்சிருக்கேன்.

நான் தமிழ் மீடியம். ப்ளஸ் டூ மாதத் தேர்வுல எனக்கு வந்தது புரோமினும் குளோரினும். எந்தப் பக்கத்துலேருந்து எண்ணினாலும் 2, 3 தான் வரும். அப்போ 2 யாருக்கு? அகரவரிசைப்படி முன்னாடி வர்ற பேருக்குன்னு வகுப்புல சொல்லியிருந்தாங்க. நானும் யோசிச்சு, க முன்னாடி, ப பின்னாடி, அதனால 2-குளோரோ-3-புரோமோபியூட்டேன்னு எழுதினேன். ஒரு மார்க் போச்சு. சரியான விடை 2-புரோமோ-3-குளோரோபியூட்டேன். ஆங்கிலத்துல பி முன்னாடி, சி பின்னாடி. "அகரவரிசை"ன்னா அ-வுல ஆரம்பிக்கற வரிசைன்னுதானே நினைப்போம்? "ஆங்கில"ங்கற ஒரு வார்த்தையை யாரும் சேர்த்துச் சொல்லலை.

இந்தப் பேர் வைக்கற சட்டமெல்லாம் எங்கேருந்து வந்துச்சு? 19-ம் நூற்றாண்டுல கரிமச் சேர்மங்கள் எக்கச்சக்கமா பெருகிப் போச்சு. ஒரே பொருளுக்குப் பல பேர், ஒரே பேருக்குப் பல பொருள். அந்தக் குழப்பத்தோட மிச்சம் இன்னிக்கும் இங்கே பெட்ரோல் பங்க்ல நிக்குது. சூப்பர் 98, ஸ்பெஷல் 95னு போட்டிருக்கே, அதெல்லாம் ஆக்டேன் எண். கிரஹாம் எட்கர் 1926-ல் சொன்ன முறை. இதுல 100 மார்க் வாங்கறது ஐசோஆக்டேன், பூஜ்யம் வாங்கறது நேர் தொடரா இருக்கற ஹெப்டேன். ஆனா "ஐசோ"ங்கற பழைய வழக்கப்படி பார்த்தா ஐசோஆக்டேன் 2-மெத்தில்ஹெப்டேனா இருக்கணும். பெட்ரோல்காரங்க சொல்ற ஐசோஆக்டேன் அது இல்ல, 2,2,4-டிரைமெத்தில்பென்டேன். பழைய பேரை நம்பிப் படம் போட்டா வேற பொருள் வந்துடும். எண் போட்ட பேரைச் சொன்னா, உலகத்துல யார் வரைஞ்சாலும் ஒரே படம்தான்.

அந்த ஒழுங்கைக் கொண்டுவரத்தான் 1892 ஏப்ரல்ல ஜெனீவாவுல ஒரு மாநாடு கூடுச்சு. ஒன்பது ஐரோப்பிய நாடுகளிலேருந்து 34 வேதியியலாளர்கள். தலைமை பிரான்ஸ் நாட்டு ஷார்ல் ஃப்ரீடல். நீளமான கார்பன் தொடரை முதுகெலும்பா எடுத்துக்கோ, மத்ததெல்லாம் அதுல ஒட்டிக்கிட்ட கிளைங்கற யோசனை அங்கேதான் உறுதியாச்சு. 1919-ல் ஐயுபாக் அமைப்பு வந்து அந்த வேலையைத் தொடர்ந்துச்சு.

கிளைகள் வேறவேறயா இருந்தா எதை முதல்ல சொல்றது? இதுல அவங்களுக்கே தடுமாற்றம் இருந்திருக்கு. 1957 விதிகள் ரெண்டு வழியை அனுமதிச்சுது. ஒண்ணு, எளிய கிளை முதல்ல, சிக்கலானது அப்புறம். இன்னொண்ணு, அகரவரிசை. முதல் வழியில 3-மெத்தில்-4-எத்தில்ஹெக்சேன். ரெண்டாவது வழியில 3-எத்தில்-4-மெத்தில்ஹெக்சேன். பழைய புத்தகங்கள்ல மெத்தில் முன்னாடி நிக்கறதைப் பார்த்தா அச்சுப்பிழைன்னு நினைக்காதீங்க. பின்னாடி அகரவரிசை மட்டும் நிலைச்சுடுச்சு.

முதல் வழிக்கு மொழி தேவையில்ல. அகரவரிசைன்னா உடனே யாரோட வரிசைங்கற கேள்வி வந்துடுது. அரபில ஃபா முன்னாடி, காஃப் பின்னாடி. அதான் அந்தப் பொண்ணுக்கு ஃபுளூரோ முதல்ல வந்துடுச்சு. தமிழ்ல இன்னும் வேடிக்கை. "புளூரோ"ன்னு எழுதினா குளோரோவுக்குப் பின்னாடி. "ஃபுளூரோ"ன்னு எழுதினா ஆய்தம் க-வுக்கு முன்னாடி, அதனால அது முந்திக்கும். எழுத்துக்கூட்டல் மாறினா கார்பனோட எண்ணே மாறிடும்!

தமிழ்ல வேதியியல் எழுதற முயற்சி ஜெனீவாவை விடப் பழசுங்கறதையும் சொல்லணும். யாழ்ப்பாணம் மானிப்பாய்ல மருத்துவம் கற்பிச்ச அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனோட "கெமிஸ்தம்" 1875-லயே வந்தாச்சு. முதல்ல தமிழ்ச் சொல்லைத் தேடு, இல்லேன்னா வடமொழி, அதுவும் இல்லேன்னா ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்துல எழுதுங்கறது அவர் வழி. 1916-ல் சேலத்துல வக்கீலா இருந்த ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் கலைச்சொல்லுக்குன்னே சங்கம் வெச்சாங்க. அப்புறம் பாதை ரெண்டாப் பிரிஞ்சுது. நாம கார்பன் டை ஆக்சைடு, எத்தனால், கரிம வேதியியல்னு படிச்சோம். என் அறையில இருக்கற யாழ்ப்பாணத்து அண்ணா காபனீரொட்சைட்டு, எதனோல், சேதன இரசாயனம்னு படிச்சவர். "டை"க்கு அழகா "ஈர்" போட்டிருக்காங்க பாருங்க. ஆனா நாங்க ரெண்டு பேரும் பேசிக்க கடைசியில வரைபடம்தான் உதவுது :-)

பேரைத் தமிழ்லயும் எழுதலாம், அரபிலயும் எழுதலாம். ஆனா வரிசையும் ஊருக்கு ஊர் மாறினா ஒரே குப்பிக்கு ரெண்டு எண். ஜெனீவாவுல கூடினதே அதைத் தவிர்க்கத்தான். அதனால ஒரே வரிசை வேணுங்கறதுல எனக்குச் சண்டையில்ல. அது ஆங்கில வரிசைன்னு வாயைத் திறந்து சொல்லணும், அவ்வளவுதான்.

மார்க்கைக் குறைச்சேன். மனசில்லாமத்தான், ஆனா விதி விதிதானே. பக்கத்துல மூணு வரி எழுதி வெச்சேன்: "உங்கள் தர்க்கம் சரி. வரிசைதான் வேறு. ஆங்கில எழுத்துப்படி அடுக்கவும்." மறுநாள் லேப்ல அந்தப் பொண்ணு தாளோட வந்தாங்க. நான் என் ப்ளஸ் டூ கதையைச் சொன்னேன். சிரிச்சுட்டு, பக்கத்துல இருந்த எத்தனால் பாட்டிலைக் காட்டி, "இதோட கடைசி ரெண்டு எழுத்து எங்களுது, தெரியுமா?"ன்னாங்க. உண்மைதான். இங்கே கடைத்தெருவுல விக்கற கண் மை, குஹ்ல். அல்-குஹ்ல் தான் ஆல்கஹால் ஆச்சு. அந்த ஆல்கஹாலோட வால்தான் ஜெனீவாவுல "ஆல்"னு விகுதியாச்சு.

அடுத்த வாரம் அதே பாடத்தை நான்தான் எடுக்கணும். பலகையில முதல் வரியா "ஆங்கில அகரவரிசை"ன்னு எழுதப் போறேன். ஆங்கிலங்கற வார்த்தைக்குக் கீழே ரெண்டு கோடு.