இனாம்: நிலமும் சில்லறையும்

மைசூரில் விடுதியைவிட்டுப் புறப்படும்போது, பெட்டி சுமந்து வந்தவரிடம் நாம் தரும் சிறு தொகையை இனாம் என்கிறோம். அரபு மொழியிலிருந்து வந்த இச்சொல் கன்னடத்திலும் வழங்குகிறது. ஆயின் மன்னராட்சியில் இனாம் என்பது சில்லறை அன்று, நிலம். கோயிலுக்கும் கற்றோர்க்கும் ஊர்ப்பணி செய்வோர்க்கும் வரியை நீக்கியோ குறைத்தோ விடப்பட்ட நிலம். தலையாரி போன்றோர்க்கு அது ஊதியமேயன்றித் தருமம் அன்று. அறுவடையில் தானியப் பங்கும் அவர்களுக்கு உண்டு.

தனியார் இனாம்களை 1954ஆம் ஆண்டுச் சட்டமும், சமய, அற இனாம்களை 1955ஆம் ஆண்டுச் சட்டமும் ஒழித்தன. ஊர்ப் பதவிகளுக்கு 1961இல் முடிவு எழுதப்பட்டது. நிலம் போயிற்று, சொல் மட்டும் பயணிகளின் கைக்கு வந்து சேர்ந்தது.

நால்வடி கிருஷ்ணராஜ உடையார் வைசிராய் தங்குவதற்கென 1921இல் அடிக்கல் நாட்டிய லலித மகால், 1974இல் ஓட்டலாயிற்று. அங்கும், தசராக் கூட்டம் மொய்க்கும் சிற்றுண்டிச்சாலைகளிலும் இன்று இனாம் தருவது விருந்தினரின் மனம். சேவைக் கட்டணத்தை ஓட்டல்கள் தாமாகவே ரசீதில் சேர்க்கலாகாது என 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. நமக்கு அது நன்மையே. பரிமாறியவரின் பங்கு என்ன என்பதை, மேசையைவிட்டு எழும் நாமே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.